அபராதத்தில் பங்கு: பழைய குத்தகைக்குப் புதிய பெயர்

போக்குவரத்துக் காவலர் போடும் ஒவ்வொரு சலானுக்கும் அவருக்கே ஒரு பங்கைக் கொடுத்துவிட்டால் மாமூல் தானாக ஒழியும், சாலையும் ஒழுங்குக்கு வரும் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றி வருகிறது. டீக்கடை பெஞ்சிலும் இதைச் சொல்கிறார்கள், பொருளியல் வகுப்பிலும் சொல்கிறார்கள். ஆயிரம் ரூபாய் அபராதத்துக்குப் பதில் இருநூறு ரூபாயை வாங்கிக்கொண்டு வண்டியை விட்டுவிடுகிறார் காவலர். அந்த இருநூறை அரசே நேர்வழியில் கொடுத்தால் அவர் ஏன் கை நீட்டப் போகிறார் என்பது கேள்வி. இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரிய பெயர்களும் உண்டு. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கரும் ஜார்ஜ் ஸ்டிக்லரும் 1974-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், குற்றத்தைப் பிடித்து நிரூபிப்பவருக்கே அந்த அபராதத்தைக் கூலியாகத் தரலாம் என்று வாதிட்டார்கள். லஞ்சத்தைக் கண்டு சலித்துப்போன ஒருவருக்கு இது நியாயமாகவே தோன்றும். ஆனால் இந்த யோசனை நடைமுறைக்கு வந்தால், அது ஒழிக்க நினைக்கும் மாமூல் ஒழியாது, அதன் விலைதான் ஏறும். அது காக்க நினைக்கும் உயிர்களும் காக்கப்படாது. எல்லாவற்றுக்கும் மேலாக, குடிமக்கள்மீது குற்றம் சுமத்தும் அதிகாரம், அதைக் கையில் வைத்திருப்பவரின் வருமான வழியாக மாறிவிடும்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொள்வோம். நம் சாலைகளில் சட்டம் தளர்ந்து கிடக்கிறது, அதன் விலையை உயிராகக் கொடுத்து வருகிறோம். 2022-இல் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105. இறந்தவர்களில் ஐம்பதாயிரம் பேர் ஹெல்மெட் அணியாத இருசக்கர வாகன ஓட்டிகளும் பின்னால் அமர்ந்து சென்றவர்களும். இந்த நிலைமையில் அபராதமே கூடாது என்பவர் எவரும் சாலையைப் பார்த்தவராக இருக்க முடியாது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தி, ஹெல்மெட் இல்லாப் பயணத்துக்கு நூறு ரூபாயாக இருந்த அபராதத்தை ஆயிரமாகவும், குடித்துவிட்டு ஓட்டுவதற்கு இரண்டாயிரமாக இருந்ததைப் பத்தாயிரமாகவும் உயர்த்தியதற்கு நியாயமான காரணம் இருந்தது. ஆகவே அபராதம் வேண்டுமா என்பதில் இங்கே சண்டை இல்லை. அபராதச் சீட்டை எழுதும் கைக்கு அந்தச் சீட்டிலிருந்தே கூலி போகலாமா என்பதுதான் கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான், கமிஷனை எதிர்ப்பவர்களெல்லாம் சட்டத்தை எதிர்ப்பவர்களாகச் சித்திரிக்கப்படுகிறார்கள்.

மாமூல் ஒழியும் என்ற வாதத்தைச் சாதாரணக் கூட்டல் கழித்தலால் சோதித்துப் பார்க்கலாம். ஹெல்மெட் இல்லாமல் வந்தவருக்கு அபராதம் ஆயிரம் ரூபாய். காவலருக்குப் பத்து சதவீதப் பங்கு என்று வைத்துக்கொண்டால், சலான் போட்டால் அவர் கைக்கு வருவது நூறு ரூபாய். எதிரில் நிற்பவருக்கோ அந்தச் சலானிலிருந்து தப்பிக்க ஆயிரம் ரூபாய்க்குக் குறைந்த எந்தத் தொகையும் லாபம்தான். நூறுக்கு மேல் ஆயிரத்துக்குள் எந்தத் தொகையில் பேரம் படிந்தாலும் இருவருக்கும் ஆதாயம். பங்கு கொடுப்பதற்கு முன் ஐம்பது ரூபாய்க்கும் விட்டுவிட்டிருக்கக்கூடிய காவலர், இப்போது நூறுக்குக் கீழே இறங்க மாட்டார். வேறு மாற்றம் எதுவும் இல்லை. பேரத்துக்கே இடமில்லாமல் செய்ய வேண்டுமானால் பங்கை ஏற்றிக்கொண்டே போய் முழு அபராதத்தையும் அவருக்கே கொடுக்க வேண்டும். பெக்கரும் ஸ்டிக்லரும் போட்ட கணக்கு அங்கேதான் போய் நிற்கிறது. அபராதம் முழுவதும் தண்டிப்பவருக்கே சொந்தம் என்ற ஏற்பாட்டைத் தமிழில் குத்தகை என்பார்கள். ஏலம் எடுத்தவர் முடிந்தவரை வசூலித்துக்கொள்ளும் சந்தைச் சுங்கத்துக்கும் வாகன நிறுத்தக் கட்டணத்துக்கும் அது பொருந்தலாம். சட்டத்தின் பெயரால் தண்டனை கொடுக்கும் வேலைக்கு அது பொருந்தாது.

இது வெறும் தாள் கணக்கு என்று தள்ளுபவர்களுக்குப் பக்கத்து நாட்டிலேயே சான்று இருக்கிறது. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் சொத்து வரி வசூலிக்கும் ஊழியர்களுக்கு, வரம்புக்கு மேல் வசூலாகும் தொகையில் ஒரு பங்கை ஊக்கத்தொகையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அத்னான் கான், அசீம் க்வாஜா, பெஞ்சமின் ஓல்கன் என்ற மூன்று பொருளியலாளர்கள் அந்த மாகாண அரசுடன் சேர்ந்து நடத்திய பெரிய பரிசோதனை அது; முடிவுகள் 2016-இல் வெளியாயின. வசூல் உயர்ந்தது உண்மை. ஆனால் அந்த உயர்வு, முழு வரிவிதிப்புக்குள் கொண்டுவரப்பட்ட சிறு எண்ணிக்கையிலான சொத்துகளிலிருந்து வந்தது. மற்றப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் முன்பைவிடக் கூடுதலாக வரி கட்டவில்லை. கூடுதலாக லஞ்சம் கொடுத்ததாகச் சொன்னார்கள். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. பங்கு கிடைக்கும் என்றதும் ஊழியரின் மிரட்டலுக்குப் பலம் கூடிவிட்டது. ‘கணக்கை ஒழுங்காக எழுதினால் எனக்கும் லாபம்தான், உனக்குத்தான் நஷ்டம்’ என்று அவர் உண்மையாகவே சொல்ல முடிந்தது. வரி அலுவலகத்தில், ஆவணங்களோடு, கட்டடம் அசையாமல் நிற்கும் நிலையில் நடந்த கதை இது. ஓடும் வண்டியை நிறுத்தி, எழுத்தும் சாட்சியும் இல்லாமல், இரண்டு நிமிடத்தில் முடிந்துபோகும் சாலையோரப் பேரத்தில் அந்த மிரட்டல் எவ்வளவு எளிதாக நடக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது உயிர்க் காப்பு. போக்குவரத்துக் காவலரின் வேலையில் ஒரு விசித்திரம் உண்டு: அவர் சிறப்பாக வேலை செய்தால் கணக்கில் எழுத ஒன்றும் இருக்காது. சந்திப்பில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிற்கும் காவலரைப் பார்த்து வண்டிகள் கோட்டுக்குப் பின்னால் நிற்கின்றன; ராங் சைடில் வர நினைத்தவர் வண்டியைத் திருப்பிக்கொள்கிறார். அங்கே விபத்து நடக்காது, சலானும் இருக்காது. அவரே மரத்துக்குப் பின்னாலோ மேம்பாலம் இறங்கும் வளைவிலோ மறைந்து நின்றால், தவறு நடந்து முடியும்வரை காத்திருந்து பிடிக்கலாம், சலான் குவியும். பங்கு முறை முதல் காவலரைப் பட்டினி போட்டு இரண்டாமவருக்குப் பரிசு கொடுக்கிறது. எந்தத் தவறைப் பிடிப்பது என்பதும் மாறிவிடும். 2022-இல் நாட்டின் சாலைச் சாவுகளில் 71 சதவீதம் அதிவேகத்தால் நேர்ந்தவை. அதிவேகமாகப் போகும் காரையோ இரவு நேர லாரியையோ பிடிக்கக் கருவி வேண்டும், ஆள் வேண்டும், ஆபத்தும் உண்டு. பகலில் சந்தைப் பக்கம் நின்றால் மணிக்கு இருபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிகளைக் கை காட்டியே நிறுத்திவிடலாம். கூலி சீட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்றால் காவலர் எங்கே நிற்பார்? அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாம் எதற்குக் கூலி கொடுக்கிறோமோ அதைத்தான் அவர் செய்வார்.

ஓடும் வண்டியைத் தடுத்தே ஆக வேண்டும் என்ற வெறி எங்கே கொண்டுபோய்விடும் என்பதையும் தமிழகம் பார்த்திருக்கிறது. 2018 மார்ச்சில் திருச்சிக்கு அருகே, ஹெல்மெட் சோதனையில் நிற்காமல் போன இருசக்கர வாகனத்தைக் காவல் அதிகாரி ஒருவர் துரத்திச் சென்று காலால் உதைத்ததில், பின்னால் அமர்ந்திருந்த பெண் விழுந்து இறந்தார். உயிரைக் காப்பாற்றுவதற்கென்று வந்த சட்டத்தின் பெயரால் ஓர் உயிர் போனது. அன்று அந்த அதிகாரிக்குக் கமிஷன் எதுவும் இல்லை. ‘இன்றைக்கு இத்தனை கேஸ்’ என்ற எழுதாத இலக்கைப் பற்றிக் காவலர்களே குறைப்பட்டுக்கொள்ளும் துறையில், ஒவ்வொரு வண்டியின் மேலும் ஒரு தொகையை எழுதி ஒட்டினால் துரத்தல் குறையுமா, கூடுமா என்பதை வாசகரே தீர்மானிக்கலாம்.

தண்டனைக்குப் பரிசு என்பது புதுமையான சிந்தனையும் அன்று. இங்கிலாந்து அதை 126 ஆண்டுகள் நடத்திப் பார்த்தது. வழிப்பறிக் கொள்ளையரைப் பிடித்துத் தண்டனை வாங்கிக் கொடுப்பவருக்கு 40 பவுண்டு என்று 1692-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. சாதாரண உழைப்பாளிக்கு அது பெரும் பணம். விளைவு, திருடரைப் பிடிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒரு கூட்டம் உருவானது. அவர்களில் புகழ்பெற்ற ஜோனத்தன் வைல்ட், திருட்டையும் தானே நடத்தி, திருடரையும் தானே காட்டிக்கொடுத்து, 1725-இல் தூக்குமேடை ஏறினான். அதன் பிறகும் பாடம் படிக்கவில்லை. 1754-இல் அம்பலமான மக்டானியல் கும்பல், ஏழை இளைஞர்களைக் கொள்ளைக்குத் தூண்டி, தாங்களே பிடித்துக் கொடுத்து, தலைக்கு 40 பவுண்டு வாங்கிக்கொண்டிருந்தது. குற்றமற்ற ஒருவர் அந்தப் பொய்ச் சாட்சியால் தூக்கில் தொங்கினார். அந்தப் பரிசுக்கு மக்கள் வைத்த பெயர் இரத்தப் பணம். 1818-இல்தான் அந்தச் சட்டப் பரிசுகள் நீக்கப்பட்டன. குற்றம் விற்பனைக்குரிய சரக்கானால் அதை உற்பத்தி செய்யவும் ஆள் வருவார்கள் என்பதற்கு இதைவிட நீண்ட சோதனை தேவையில்லை.

‘போக்குவரத்துச் சலானை உயிர்த் தண்டனையோடு ஒப்பிடலாமா? தீர்ப்பு சொல்வது நீதிபதிதானே, காவலர் வெறும் குற்றச்சாட்டுத்தானே எழுதுகிறார்?’ என்று கேட்கலாம். சட்டப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. சாலையில் அப்படி இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 200-ஆம் பிரிவு, பல குற்றங்களுக்கு நீதிமன்றம் போகாமலே அதிகாரியிடம் தொகை கட்டி முடித்துக்கொள்ள வழி செய்கிறது. பெரும்பாலான மக்களுக்கு வழக்கு அங்கேயே முடிந்துவிடுகிறது. சலான் தவறு என்று நிரூபிக்க நீதிமன்றம் ஏறினால் ஒருநாள் கூலி போகும், பல நாள் அலைச்சல் மிஞ்சும். அபராதத்தைவிட நியாயத்துக்கு ஆகும் செலவு அதிகம். ஆகவே ஆட்டோ ஓட்டுநருக்கும் கீரைக்கட்டு ஏற்றி வரும் வியாபாரிக்கும் சாலையில் நிற்கும் காவலர்தான் சாட்சி, அவர்தான் வழக்கறிஞர், அவர்தான் நீதிபதி. இந்த மூன்று வேலையையும் ஒருவரே பார்க்கும் இடத்தில் அவருக்குத் தீர்ப்பில் பங்கு இருக்கக் கூடாது என்பது நீதியின் அரிச்சுவடி. தன் வழக்குக்குத் தானே நீதிபதி ஆகாதே என்று உலகின் பல நீதி மரபுகளும் சொல்வது இதைத்தான்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த அரிச்சுவடியை 1927-இலேயே அழுத்திச் சொன்னது. மதுவிலக்குக் காலத்தில் ஒஹையோ மாநிலத்தின் நார்த் காலேஜ் ஹில் என்ற சிற்றூரில் மேயரே நீதிபதியாக உட்கார்ந்து சாராய வழக்குகளை விசாரித்தார். குற்றவாளி என்று தீர்ப்பளித்தால் மேயருக்குக் கட்டணம் உண்டு. விடுவித்தால் ஒன்றும் கிடையாது. துப்பறிவோருக்கும் வழக்கறிஞருக்கும் அபராதத்தில் சதவீதக் கணக்கில் பங்கு. டுமி என்பவருக்கு விதித்த நூறு டாலர் அபராத வழக்கில் மேயருக்குச் சேர்ந்தது பன்னிரண்டு டாலர்தான். அந்தப் பன்னிரண்டு டாலரே போதும், விசாரணை நியாயமற்றதாகிவிட்டது என்று தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட் தலைமையிலான நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 1972-இல் அதே மாநிலத்தின் மன்ரோவில் என்ற ஊரின் வழக்கில் நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. இங்கே மேயரின் பைக்கு ஒரு காசும் போகவில்லை. போக்குவரத்து அபராதம் ஊரின் கஜானாவுக்குத்தான் போனது. ஆனால் ஊர் வருவாயில் ஏறக்குறையப் பாதி அந்த மேயர் நீதிமன்ற வசூலாக இருந்த ஆண்டும் உண்டு. ஊரின் நிதிக்குப் பொறுப்பான ஆள் அந்த நிதியை நிரப்பும் தீர்ப்பைச் சொல்லக் கூடாது என்றது நீதிமன்றம். தனி ஆளின் பங்கு மட்டுமல்லாமல், அவர் சார்ந்த அமைப்பின் பங்கும் தராசைச் சாய்க்கும் என்பதே அதன் பொருள்.

இந்த எச்சரிக்கையைக் காற்றில் விட்ட ஊர் என்னவாகும் என்பதை மிசூரி மாநிலத்தின் ஃபெர்குசன் காட்டியது. சுமார் 21,000 பேர் வாழும் அந்த நகரில் நடந்ததை அமெரிக்க நீதித் துறை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. அபராதமும் நீதிமன்றக் கட்டணமுமாக 2010 நிதியாண்டில் 13.8 லட்சம் டாலர் ஈட்டிய நகரம், 2015-க்கு 30.9 லட்சம் டாலரை எதிர்பார்த்து பட்ஜெட் போட்டது. பொது நிதியில் அது கால் பங்குக்குச் சற்றே குறைவு. சீட்டு எழுதும் வேகம் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று நிதி இயக்குநர் காவல் தலைவருக்கு எழுதினார். எத்தனை சீட்டு எழுதினார் என்பதைப் பார்த்தே காவலரின் பணித்திறன் மதிப்பிடப்பட்டது. 2007-இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தியதற்காக 151 டாலரும் கட்டணமும் கட்ட வேண்டிய ஓர் ஏழைப் பெண், ஆறு நாள் சிறையில் இருந்து, ஏழு ஆண்டுகளில் 550 டாலர் கட்டிய பிறகும் 541 டாலர் பாக்கி வைத்திருந்தார். வெளியூரார் உட்பட 16,000 பேருக்கு மேல் பிடியாணை நிலுவையில் இருந்தது. மக்கள்தொகையில் 67 சதவீதமான கறுப்பினத்தவர்தான் சீட்டு வாங்கியவர்களில் 90 சதவீதம். அங்கே எந்தக் காவலருக்கும் சீட்டுக்கு இத்தனை என்று பங்கு கொடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பதவி உயர்வும் மேலதிகாரியின் திருப்தியும் மட்டுமே ஊக்கம். அதற்கே இந்த நாசம் என்றால் ரொக்கத்துக்கு என்ன ஆகும்? வசூல் எப்போதும் பலவீனமானவர் பக்கமே சாயும், ஏனெனில் அவரிடம் வசூலிப்பதுதான் எளிது.

எதிர்த் தரப்பின் மிக வலுவான சான்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மைக்கேல் மகோவ்ஸ்கி, தாமஸ் ஸ்டிராட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் மாசசூசெட்ஸ் மாநிலத்தை ஆராய்ந்து, பணமுடையில் இருக்கும் ஊர்கள் கூடுதலாகச் சீட்டு எழுதுகின்றன, அங்கே விபத்தும் காயமும் குறைகின்றன என்று 2011-இல் காட்டினார்கள். நோக்கம் பணமாக இருந்தாலும் பயன் உயிர்தானே என்று கேட்பவர்களுக்கு இது நல்ல ஆயுதம். ஆனால் அந்த ஆய்வு சொல்வது, சட்டத்தை நடைமுறைப்படுத்தினால் விபத்து குறையும் என்பதை. அதை நாம் தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டோம். பங்கு கொடுத்தால்தான் சட்டம் நடக்கும் என்று அது சொல்லவில்லை. அதே இருவர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் வெளியிட்ட இன்னொரு ஆய்வையும் சேர்த்துப் படிக்க வேண்டும்: உள்ளூர்க்காரரைவிட வெளியூர்க்காரருக்கே சீட்டு கிடைக்கும் வாய்ப்பு அதிகம், தொகையும் அதிகம். வெளியூர் வண்டி கூடுதல் ஆபத்து என்பதால் அன்று. அந்த ஓட்டுநருக்கு அந்த ஊரில் ஓட்டு இல்லை, வழக்காட அவர் திரும்பி வருவதும் கடினம். வட கரோலினா மாநிலத்தை ஆராய்ந்த கேரட், வாக்னர் என்ற இருவரோ, வருவாய் குறைந்த ஆண்டை அடுத்துச் சீட்டுகள் கூடுவதையும், வருவாய் ஏறும்போது அவை குறையாததையும் கண்டார்கள். சாலையின் ஆபத்து ஊர்ப் பட்ஜெட்டைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. பணத் தேவையால் கூடும் சீட்டு, தேவை வேறு பக்கம் திரும்பினால் அங்கே போய்விடும். உயிர்க் காப்பை அப்படிப்பட்ட துணையின் கையில் ஒப்படைக்க முடியாது.

சுங்கத் துறையில் கடத்தல் பொருள் பிடிக்கும் அதிகாரிகளுக்கு வெகுமதி உண்டே, காவலருக்கு மட்டும் ஏன் கூடாது என்று இன்னொரு கேள்வி எழும். கடத்தல் தங்கம் என்பது மேசைமேல் வைத்து எடை போடக்கூடிய பொருள். அது கடத்தப்பட்டதா இல்லையா என்பதைப் பிடித்த அதிகாரியின் வாய்ச்சொல் தீர்மானிப்பதில்லை. அதற்கென்று தனி விசாரணையும் மேல்முறையீடும் உண்டு. முழு வெகுமதி கிடைப்பதும் அதன் பிறகு, மேலிடத்துக் குழுவின் விருப்பப்படி. வண்டி ஸ்டாப் லைனைத் தொட்டதா, விளக்கு மஞ்சளா சிவப்பா என்பதெல்லாம் நொடியில் மறைந்துபோகும் காட்சிகள். காவலரின் கண்ணும் சொல்லுமே சான்று. தீர்மானம் எவ்வளவுக்கு ஒருவரின் மனத்தைப் பொறுத்ததாக இருக்கிறதோ, அவ்வளவுக்கு அந்த மனத்தைப் பணத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டும். வண்டிகளை எடுத்துச் செல்லும் தனியார் ‘டோயிங்’ ஒப்பந்தங்கள் பற்றி நகரங்களில் இவ்வளவு புகார் எழுவதற்குக் காரணமும் இதுதான்: எடுத்துச் செல்லும் வண்டிக்கு இத்தனை என்ற கணக்கு.

காவலர் நிலைமையைச் சொல்லி வாதிடுபவர்களிடம் எனக்கு மரியாதை உண்டு. வெயிலிலும் புகையிலும் நாள் முழுக்க நின்று, விடுப்புக்குக் கெஞ்சி, கழிப்பறைக்கு இடம் தேடி அலையும் ஊழியருக்கு ஏதேனும் கூடுதலாகக் கொடுக்க வேண்டும் என்பதில் மறுப்பே இல்லை. ஆனால் பணம் மட்டும் தனியாக எதையும் மாற்றாது என்பதையும் பார்க்க வேண்டும். கானா நாட்டில் 2010-இல் காவலர் சம்பளத்தை இரட்டிப்பாக்கினார்கள். நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்களிடம் எடுத்த கணக்கு, அதன் பிறகு ஒவ்வொரு லாரியிடமும் அவர்கள் பறித்த தொகை கூடியதையே காட்டியது. கண்காணிப்பும் தண்டனையும் இல்லாத இடத்தில் சம்பள உயர்வே இப்படி ஆகும்போது, பறிப்பதோடு நேரடியாகக் கட்டிப் போட்ட பங்கு நேர்மையைக் கொண்டுவரும் என்பது நப்பாசை. காவலருக்குக் கொடுக்க வேண்டியது நிற்கும் மணிநேரத்துக்கான படி, நச்சுப் புகைக்கு மருத்துவக் காப்பு, வார விடுப்பு, நிழற்குடை, கழிப்பறை. இவை அவருடைய உரிமை. ஒரு சலானும் எழுதாத நாளிலும் அவருக்குக் கிடைக்க வேண்டியவை. உரிமையைக் கமிஷனாக மாற்றிக் கொடுப்பது காவலரையும் அவமதிப்பதாகும்.

நம் மண்ணுக்கே உரிய ஒரு வரலாறும் இதில் இருக்கிறது. அதை நாம் மறந்துவிட்டோம். 1816-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்துக்குப் பிறகு சென்னை மாகாணத்தில் தாசில்தார்தான் வரி வசூலிப்பவர், அவர்தான் காவலுக்கும் தலைவர். வரி பாக்கிக்காரரைப் பிடித்து வரும் சேவகனும் கள்ளனைப் பிடித்து வரும் சேவகனும் ஒருவனே. விரல்களை நெரிக்கும் கிட்டியும், கழுத்தைக் காலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் குனிய வைக்கும் அண்ணாந்தாளும் குடியானவர்மேல் பாய்ந்தன. பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுந்து, எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் மூவரைக் கொண்ட சித்திரவதை விசாரணைக் குழு அமைந்து, 1855-இல் அறிக்கை வந்தது. வசூலும் காவலும் ஒரே கையில் இருப்பதே கேட்டின் வேர் என்று அது கண்டது. 1859-ஆம் ஆண்டு சென்னைக் காவல் சட்டம் இரண்டையும் பிரித்தது. இன்று நம் ஊரில் காவல் துறை என்று தனியாக ஒன்று இருப்பதே, தண்டிக்கும் கையும் வசூலிக்கும் கையும் வேறாக வேண்டும் என்ற கசப்பான அறிவிலிருந்து பிறந்ததுதான். பிரித்ததால் அடி உதை மறைந்துவிடவில்லை. ஆனால் வசூலுக்காக அடிக்கும் ஏற்பாட்டுக்கு இருந்த சட்டத் தகுதி போனது. சலானில் பங்கு என்பது 1859-இல் அறுத்த முடிச்சை மறுபடி போடுவதாகும்.

அப்படியானால் வழி என்ன? அதற்கும் சான்று உள்நாட்டிலேயே இருக்கிறது. ராஜஸ்தான் காவல் துறையுடன் சேர்ந்து அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் குடிபோதை ஓட்டுநர் சோதனையை ஆராய்ந்தார்கள். ஒரே இடத்தில் நிலையாக நடந்த சோதனையால் குறிப்பிடத்தக்க பயன் இல்லை. இடம் மாற்றி மாற்றி நடத்தியபோது இரவு விபத்துகள் 17 சதவீதமும் இரவுச் சாவுகள் 25 சதவீதமும் குறைந்தன. அதைச் சாதித்தது கமிஷன் இல்லை. சோதனைக்கென்று தனியாக ஒதுக்கிய குழு, அது உரிய இடத்தில் நிற்கிறதா என்ற கண்காணிப்பு, எங்கே எப்போது என்று ஊகிக்க முடியாத திட்டம். இதையே நாமும் பின்பற்றலாம். காவல் நிலையத்தின் திறமையைச் சலான் எண்ணிக்கையால் அளக்காமல், அதன் எல்லைக்குள் சாலைச் சாவு எத்தனை குறைந்தது என்று அளக்கட்டும். பாராட்டும் பதவி உயர்வும் அதற்கே போகட்டும். சீட்டு இலக்கு வைப்பதை 2014-இல் இல்லினாய் மாநிலம் சட்டத்தால் தடைசெய்ததுபோல, இங்கும் எழுதிய இலக்கோ எழுதாத இலக்கோ கூடாது என்று அரசாணை வரட்டும். அபராதப் பணம் காவல் துறைக்கு எட்டாத தனிக் கணக்கில் சேர்ந்து, விபத்து நடக்கும் வளைவுகளைச் சீர்செய்யவும் அடிபட்டவருக்குச் சிகிச்சை தரவும் போகட்டும். சாலை வடிவமைப்புக் கோளாறுக்கு ஒப்பந்ததாரர்மேல் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கும் 198-ஏ பிரிவும், சட்டத்தை மீறும் அமலாக்க அதிகாரிக்கு இரட்டிப்பு அபராதம் என்னும் 210-பி பிரிவும் 2019-இலிருந்து ஏட்டில் இருக்கின்றன. ஹெல்மெட்டுக்குக் காட்டும் கறாரை அவற்றுக்கும் காட்டட்டும்.

ஒரு காவலர் கை காட்டி வண்டியை நிறுத்தும்போது, ‘நான் செய்த தவறுக்காக நிறுத்துகிறார்’ என்று குடிமகன் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கை இருந்தால்தான் காவலர் இல்லாத சாலையிலும் அவர் சிவப்பு விளக்குக்கு நிற்பார். ‘தன் பங்குக்காக நிறுத்துகிறார்’ என்று அவர் நினைக்கத் தொடங்கிய நாளில் சட்டத்துக்குக் கட்டுப்படுவது போய், சட்டத்திடமிருந்து தப்பிப்பது மட்டுமே மிஞ்சும். காவலருக்கு நல்ல சம்பளம் கொடுப்போம், கண்ணியமான வேலைச் சூழல் கொடுப்போம், கடுமையான கண்காணிப்பும் வைப்போம். அபராதத்தில் மட்டும் ஒரு ரூபாய்கூட அவருக்குப் பங்கு வேண்டாம்.